இருண்ட நாவலைப் பத்துப் பேர் கூடி வாசிப்பது எப்படி? மதுரை வாசகர் வட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே நாவலைப் படித்துவிட்டு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் புத்தகத்தை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டே பேசுகிறார். மற்றவர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. இருவரும் நல்ல வாசகர்கள். இவர்களை ஒரே பாயில் உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்கும்படி இரண்டரை மணி நேரம் பேசவைக்க முடியும். தல்லாகுளத்தில் ஒரு மொட்டை மாடியில் சில ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறோம்.

முதல் முறை தோற்றோம். "நாவல் பிடித்ததா?" என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிடித்தவர்கள் துணிச்சலானவர்கள் ஆனார்கள். பிடிக்காதவர்கள் பழமைவாதிகள் ஆனார்கள். நாவலை இரண்டு முறை படித்துவிட்டு வந்திருந்த ஓர் ஆசிரியை கடைசிவரை வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வரவும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான், பிழையும் என்னுடையதுதான். கீழே எழுதியிருப்பது அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டது.

முதல் படி: நூலைத் தேர்வது

சிறிய நாவலாக எடுங்கள். இருண்ட கதையை நீளமாகக் கொடுத்தால் பாதிப்பேர் பாதியில் நிறுத்திவிட்டு வருவார்கள். அப்படி வருகிறவர்கள் தங்கள் சோர்வைப் பற்றித்தான் பேசுவார்கள். நாவல் நடுவே வராது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' நாவலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 1974இல் நூலாக வந்தது. பாலியல் தொழிலுக்குப் பெண்களை ஏற்பாடு செய்து பிழைக்கும் கந்தன் என்ற மனிதனின் ஒரே ஒரு நாள்தான் கதை. நாகராஜன் 1929இல் மதுரையில் பிறந்தவர், கணிதம் கற்பித்தவர், 1981இல் இதே ஊரில் இறந்தார். அதனால் மதுரை வாசகருக்கு இது எங்கோ நடக்கும் கதையாகத் தோன்றுவதில்லை. யாராவது ஒருவர் "இந்தச் சந்து எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். எதிர்வினைகள் கூர்மையாவதும் அங்கேதான்.

ஓராண்டு பழகிய வட்டமாக இருந்தால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுக்கலாம். 1972இல் வெளிவந்த நூல். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடானும் பினாங்கும்தான் களம். போரின் நடுவே அதன் நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களை இந்த ஊரில் உட்கார்ந்து வாசிப்பது தனி அனுபவம். ஆனால் அது நிதானம் கேட்கும் நூல். முதல் நூலாக வேண்டாம்.

பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். "நூற்றுப் பத்தாம் பக்கத்தில்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் புரட்டித் தேடுவதிலேயே பேச்சு அறுந்துபோகும். காலை, மதியம், மாலை, இரவு என்று நாவலின் பொழுதை வைத்தே இடத்தைச் சொல்லும் பழக்கத்தை முதலிலேயே ஏற்படுத்துங்கள். புத்தகம் வாங்க முடியாதவர்கள் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்குப் பிறகு கூட்டம் வைத்தால் பலர் கையில் சொந்தப் பிரதி இருக்கும்.

இரண்டாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே சொல்வது

குடி, பாலியல் தொழில், அடிதடி, காவல் நிலையம். இவ்வளவும் இதில் வரும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம். "முன்பே சொன்னால் தாக்கம் குறைந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. குறையவில்லை என்பதே என் அனுபவம். இருட்டில் படி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் யாரும் இறங்க மறுப்பதில்லை. காலைப் பார்த்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதுங்கள்: பாதியில் நிறுத்தியவர்களும் வரலாம், ஏன் நிறுத்தினோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடியால் தம் அண்ணனை இழந்த ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு படித்துவிட்டு மூடிவைத்துவிட்டார். கூட்டத்துக்கு வந்தார், கேட்டார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் அங்கே இருந்ததால் மற்றவர்கள் குடியைப் பற்றி எடுத்தெறிந்து பேசவில்லை.

மூன்றாம் படி: பென்சிலோடு வாசிப்பது

எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை போதும். நூலைக் கையில் கொடுத்து மூன்று வாரம் அவகாசம் தாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: நல்ல வரி என்று தோன்றுவதை அடிக்கோடிட வேண்டாம், உங்கள் உடம்பில் ஏதாவது மாறிய இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். முகம் சுளித்தது, சிரிப்பு வந்தது, தொண்டை அடைத்தது, புத்தகத்தை மூடி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தது. எதுவானாலும் சரி. காரணம் எழுத வேண்டாம். மதிப்புரை, முன்னுரை எதையும் கூட்டம் முடியும்வரை படிக்க வேண்டாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் கூட்டத்தில் பேசாமல் போன அந்த ஆசிரியைதான். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தம் பிரதியை எடுத்துக் காட்டினார். பக்க ஓரங்களில் நாற்பது, ஐம்பது மெல்லிய கோடுகள். அன்று உரக்கப் பேசிய எங்களில் எவர் புத்தகத்திலும் ஒரு கோடுகூடக் கிடையாது.

நான்காம் படி: சூழல் எதனால் ஆகிறது என்று கைவைத்துப் பார்ப்பது

இருண்ட நாவலைப் பற்றிப் பேசும்போது "ஒரு மாதிரியான சூழல்", "கனம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கனம் எந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டத் தெரிந்தால் பாதிச் சண்டை வராது. இதற்கு நாங்கள் பயன்படுத்துவது நக்கீரரின் நெடுநல்வாடை, வாடைக் குளிரில் அரசனைப் பிரிந்திருக்கும் அரசியைப் பாடும் சங்கப் பாட்டு. 188 அடிகள்தாம், தொடக்கப் பகுதி மட்டும் போதும். உரையோடு ஒருவர் வாசிக்க, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதில் குளிர் என்று சொல்லிப் புலவர் நம்மை நடுங்கவைப்பதில்லை. விலங்குகள் மேய மறந்து நிற்கின்றன. குரங்கு கூனிக்கொள்கிறது. பால் குடிக்க வரும் கன்றை மாடு உதைத்துத் தள்ளுகிறது. தாய் கன்றை உதைக்கும் அந்த ஒரு காட்சியில், உலகம் தன் இயல்பை விட்டு விலகிவிட்டது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரசியின் தனிமைக்கு வருவதற்கு வெகு முன்பே மனம் கனத்துவிடுகிறது.

இதை வாசித்த கையோடு நாவலில் இருந்து ஒரு பக்கத்தை எடுத்து ஐந்து கேள்வி கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? என்ன நாற்றம்? என்ன ஓசை? வாக்கியம் ஓடுகிறதா, நின்று நின்று போகிறதா? எழுத்தாளர் எதைச் சொல்லாமல் விட்டார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். நாகராஜன் பெரும்பாலும் இரக்கப்படுவதில்லை. ஒரு கொடுமை நடக்கும்போது அவர் குரல் உயர்வதும் இல்லை, தழுதழுப்பதும் இல்லை. அந்த வெறுமை சிலருக்கு நேர்மையாகப் படுகிறது, சிலருக்குக் கல்நெஞ்சமாகப் படுகிறது. இருவரும் பார்ப்பது ஒரே வெறுமையைத்தான் என்று தெரிந்த பிறகு பேச்சின் தன்மையே மாறிவிடும்.

ஐந்தாம் படி: இடமும் நேரமும்

மாலை 4 மணிக்குத் தொடங்கி 6.30க்கு முடியுங்கள். இருண்ட நாவலுக்கு இரவுதான் பொருத்தம் என்று நினைத்து ஒருமுறை 7 மணிக்கு வைத்தோம். பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஆண்களின் கூட்டம். மார்கழி, தை மாதங்களில் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தடிக்குப் போகலாம். தாமரைக் குளத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசும்போது யாருக்கும் குரல் உயர்வதில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் வைக்கவே வேண்டாம். அழகர் எதிர்சேவையன்று தல்லாகுளம் பக்கம் யாரும் ஓரடி நகர முடியாது.

ஆறாம் படி: மெய்ப்பாட்டுச் சுற்று

எல்லாவற்றிலும் இதுவே முதன்மையானது. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

"பிடித்தது", "பிடிக்கவில்லை" என்ற இரண்டு சொற்களும் அன்று அந்த அறையில் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக எட்டுச் சொற்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தரும் எட்டு: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). மெய்யில் படுவது என்பதால் மெய்ப்பாடு. பென்சில் கோடு போடச் சொன்னது இதற்காகத்தான். இந்த எட்டையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள்.

பிறகு நாவலின் நான்கு பொழுதுகளில் இருந்து பொழுதுக்கு ஒரு காட்சியாக நான்கை நடத்துபவர் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் எல்லோரும் ஓர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். கவிழ்த்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் முதலில் வைப்பவரின் அட்டையைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் அட்டையை மாற்றிக்கொள்வார்கள். காரணம் பிறகு. எந்தக் காட்சிக்கு அட்டைகள் மிகவும் சிதறிக் கிடக்கின்றனவோ, பேச்சை அங்கே தொடங்குங்கள். எல்லோரும் ஒரே அட்டை வைத்த காட்சியைத் தொடவே வேண்டாம்.

ஒரு கூட்டத்தில் கந்தனும் அவன் மனைவி மீனாவும் வரும் காலை நேரப் பகுதிக்கு விழுந்த அட்டைகள் இவை: நான்கு இளிவரல், மூன்று அழுகை, ஒரு வெகுளி, ஓர் உவகை. உவகை வைத்தவர் ஒரு பஸ் நடத்துநர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார்: "அவர்கள் செய்யும் தொழிலை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் கேளுங்கள். எந்த வீட்டிலும் காலையில் கேட்கும் பேச்சுதான் அது. அந்த இடத்திலும் ஒரு குடித்தனம் நடக்கிறதே என்று எனக்கு மனசு லேசானது." இளிவரல் வைத்திருந்த ஒரு செவிலியர் உடனே மறுத்தார். "குடித்தனம் மாதிரி இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்றார். இரண்டு பேரும் ஒரே வரிகளைத்தான் சுட்டினார்கள்.

இந்த இடத்தில் இலக்கணம் தரும் இன்னொரு நுட்பத்தை எடுத்துப்போடுங்கள். இளிவரல் பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார். அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்கிறார். அழுகைக்கான நான்கில் முதலில் நிற்பது இளிவு, அதாவது பிறரால் இகழப்படுவது. அருவருப்பும் அழுகையும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. வெளியே நின்று பார்ப்பவருக்கு இளிவரல். ஒருநாளாவது அந்த இடத்தில் நின்றவருக்கு அழுகை. கந்தனைப் பார்த்து முகம் சுளித்தவருக்கும் கண் கலங்கியவருக்கும் நடுவில் இருப்பது ரசனை வேறுபாடு என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அது இருவரும் வாழ்க்கையில் நின்ற இடங்களின் வேறுபாடு. இதை நடத்துபவர் அறிவிக்கக் கூடாது. அட்டைகளைக் காட்டிக் கேட்டால் போதும், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இளைஞர்கள் பெருமிதம் வைப்பார்கள். கந்தனின் அஞ்சாமை அவர்களை இழுக்கிறது. பெருமிதம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் தறுகண், அதாவது அஞ்சாமை, ஒன்று. ஆகவே அட்டை பொருத்தமானதுதான். அதைக் கண்டிக்க வேண்டாம். அதே காட்சிக்கு வெகுளி வைத்த பெண் யாராவது இருப்பார். அவரை அடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வரக்கூடிய எதிர்ப்புகளைக் கேட்கும் விதம்

"இப்படியெல்லாம் ஏன் எழுத வேண்டும்?" இது வராத கூட்டம் இல்லை. நாகராஜனே தம் 'குறத்தி முடுக்கு' நூலின் முன்னுரையில் இதற்கு முகம் கொடுத்திருக்கிறார். பிடிக்காவிட்டால் இப்படியெல்லாம் ஏன் நடக்கிறது என்று கேளுங்கள், ஏன் எழுத வேண்டும் என்று கேட்டுத் தப்பிக்காதீர்கள் என்பது அதன் சாரம். எனக்கு மிகவும் பிடித்த முன்னுரை. ஆனாலும் அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வாசிக்காதீர்கள். எழுத்தாளரே பதில் சொல்லிவிட்டார் என்றால் கேட்டவர் வாயடைத்துப் போவார். அந்தக் கேள்வியைக் கேட்க வாசகருக்கு உரிமை உண்டு. "எந்த இடத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். சிலர் ஒரு காட்சி இருப்பதையே எதிர்க்கிறார்கள். சிலர் அது காட்டப்பட்ட விதத்தை எதிர்க்கிறார்கள். இரண்டாவது எதிர்ப்பு பெரும்பாலும் கூர்மையான விமர்சனம். இருட்டைக் கடைவிரித்துக் காட்டும் எழுத்து தமிழில் உண்டு. அதை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் இப்படித் தயங்குகிறவர்கள்தாம்.

"இது நம் ஊருக்கு இழுக்கு." கோபத்தோடு வரும் இந்தப் பேச்சுக்கு நான் எடுத்துச் செல்வது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன பாட்டு, 782 அடிகள், பத்துப்பாட்டில் நீளமானது. பகல் அங்காடியைப் பாடிய அதே புலவர் இரவையும் விடவில்லை. பரத்தையரைப் பாடுகிறார். பெண் யானையின் தோல் போன்ற இருளில் நூலேணியும் உளியுமாக அலையும் கள்வரைப் பாடுகிறார். அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் பாடுகிறார். அரசன் முன் பாடிய பாட்டிலேயே மதுரையின் இருட்டு இருந்திருக்கிறது. அந்தப் பகுதியை வாசித்த அன்று, கோபமாக இருந்த பெரியவர் ஒருவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஆனால் அவர் விடியலையும் பாடியிருக்கிறார் அல்லவா?" பாடியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாவல் ஏன் விடியலைத் தரவில்லை என்று அடுத்த அரை மணி நேரம் பேசினோம். அன்றைய கூட்டத்தின் நல்ல அரை மணி நேரம் அதுதான்.

"ஒன்றுமே நடக்கவில்லை" என்பவரிடம் நாவலின் நாளை மணிக்கணக்கில் பட்டியலிடச் சொல்லுங்கள். அதுவே போதும்.

மீனாவைப் பற்றிய பேச்சு வரும்போது பெண்கள் முதலில் பேசட்டும். அவர்கள் எல்லாப் பெண்களின் சார்பிலும் பேச வேண்டும் என்பதற்காக இல்லை. ஆண்கள் முதலில் பேசினால் எழுத்தாளரின் துணிச்சலைப் புகழ்ந்தே நேரம் போய்விடும். மீனா அறைக்குள் வரவேமாட்டாள். இதை இரண்டு கூட்டங்களில் கண்ணால் பார்த்தேன்.

புகழ்பவர்களையும் சும்மா விடக் கூடாது. "அபாரம்", "ஆழம்", "உலகத் தரம்" என்று யாராவது சொன்னால், எந்த வாக்கியம் என்று கேளுங்கள். இருண்ட நூலைத் தாங்கிக்கொண்டதையே தகுதியாக நினைக்கும் பழக்கம் தீவிர வாசகர்களிடம் இருக்கிறது, என்னிடமும் இருந்தது. முகம் சுளித்தவர் காரணம் சொல்ல வேண்டுமென்றால் மெய்மறந்தவரும் சொல்ல வேண்டும்.

யாராவது அழுதால் பேச்சை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் முழுதாகக் கேளுங்கள். அதை நாவலோடு ஒப்பிட்டு யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. அன்று நாவல் காத்திருக்கட்டும்.

எட்டாம் படி: கூட்டம் முடிந்த பிறகு

வாக்கெடுப்பு வேண்டாம். மதிப்பெண் வேண்டாம். "ஆக மொத்தத்தில்" என்று தொடங்கும் நிறைவுரையும் வேண்டாம். 6.30 ஆனதும் பாயைச் சுருட்டிவிடுங்கள். மீதிப் பேச்சு கோரிப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் தானாகத் தொடரும்.

பத்து நாள் கழித்து ஒரு நோட்டைச் சுற்றுக்கு விடுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்று, ஒருவர் கையில் இரண்டு நாள். ஒவ்வொருவரும் அன்று வைத்த அட்டைகளில் ஒன்றை எழுதி, இன்று அதே காட்சிக்கு எந்த அட்டை வைப்பார்கள் என்றும் எழுத வேண்டும். அரைப் பக்கம் போதும். மாறவில்லை என்றால் மாறவில்லை என்று எழுதலாம். அந்தப் பஸ் நடத்துநர் அப்படித்தான் எழுதினார்: உவகைதான், இன்றும் உவகைதான். செவிலியர் இளிவரல் என்று எழுதி அடித்திருந்தார், கீழே அழுகை என்று எழுதி அதையும் அடித்திருந்தார், பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டிருந்தார். விளக்கம் எதுவும் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது முதலில் திறக்க வேண்டியது இந்த நோட்டுதான்; புது நாவலை அதற்குப் பிறகு எடுங்கள்.